கொளுத்திப்போட்டன்

அலாரம் அடிப்பதற்கு முன்பே ஜெராட் விழித்திருந்தான். அடித்ததும் நிறுத்தினான். கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்தான். பாணில் பட்டர் பூசித் தின்றான். வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணினான்: முதலில் கொலர், பிறகு கைகள், பிறகு முதுகு. சவரம் செய்தான். சட்டையைப் போட்டுக்கொண்டு வயர்களைக் கழற்றத் தொடங்கினான். கெட்டில், டோஸ்ரர், அயர்ன், ரீவி, போன் சார்ஜர். ஒவ்வொன்றையும் கழற்றியபின் சொக்கெற்றின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சூடில்லை. குளிர்சாதனப் பெட்டியை மட்டும் விட்டான்.

லண்டன் குட்மேய்ஸில், ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே இருந்தது அந்த வீடு. படியிறங்கும்போது கடைக்காரர் வெங்காய மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். சட்டையையும் கோட்டையும் பார்த்தார்.

"இண்டைக்குத்தானோ?"

"ஓம்."

"கடவுள் இருக்கிறார்" என்றார் அவர். வெங்காய மூட்டையை மறுபடி இழுத்தார்.

ஜெராட்டின் மனைவி பிறேமினி போன தை மாதம் இறந்தாள். டெகனத்தில், சிறுநீரக நோயாளிகளை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பனியின் வாகனக் கொட்டகையில் அவள் துப்புரவு வேலை பார்த்தாள். வான்கள் எல்லாம் பழைய டீசல். அந்தக் குளிரில் விடிய ஸ்டார்ட் ஆகவில்லை. நோயாளிகள் வாசலில் காத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து முறைப்பாடு வந்தது. கம்பனி ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு ஹீற்றர் பூட்டியது. கெட்டிலின் அடியில் இருப்பது போன்ற ஒரு கம்பி எஞ்சினின் தண்ணீருக்குள் இருக்கும். அதன் வயர் வானின் மூக்கில் தொங்கும். இரவு முழுவதும் கரண்டில் கொடுத்து வைத்தால் எஞ்சின் குளிராது. கொட்டகையில் சொக்கெற்றுகள் போதவில்லை. வயர் சுற்றிய றீல்கள் வாங்கினார்கள். வான்களைக் கழுவி முடித்ததும் ஹீற்றர்களைக் கரண்டில் கொழுவி விடுவதும் துப்புரவுப் பெண்களின் வேலையானது.

ஒரு மாலை கொட்டகை எரிந்தது. உள்ளே பிறேமினி கிடந்தாள்.

அதற்குச் சற்று முன் அவள் ஜெராட்டுக்கு வாட்ஸ்அப்பில் குரல்செய்தி அனுப்பியிருந்தாள். அவளிடம் வழக்கத்துக்கு மாறாக எதுவும் இருக்கவில்லை என்பதற்கு அத்தாட்சியாகத்தான் பொலிசுக்கு அதை அவன் போட்டுக்காட்டினான். 'இஞ்சேருங்கோ, எல்லாத்தையும் கொளுத்திப்போட்டன். இனி வெளிக்கிடுறன்.' இரண்டே வசனம். காப்புறுதிக் கம்பனி அதை மொழிபெயர்க்கக் கொடுத்தது. திரும்பி வந்த ஆங்கிலத்தில் இப்படி இருந்தது: 'நான் எல்லாவற்றுக்கும் தீ வைத்துவிட்டேன். இனி இங்கிருந்து வெளியேறுகிறேன்.'

ஹீற்றர்களைப் போட்டுவிட்டதாகத்தான் அவள் சொன்னாள் என்று ஜெராட் பொலிசுக்குச் சொன்னான், காப்புறுதிக்கு எழுதினான், கம்பனிக்கு எழுதினான். அவன் இங்கேதான் பட்டம் படித்தவன், ஆங்கிலம் நன்றாக எழுதுவான். நீங்கள் இறந்தவரின் கணவர், எங்கள் மொழிபெயர்ப்பாளர் சான்றிதழ் பெற்றவர் என்று பதில் வந்தது. அகராதியிலும் கொளுத்துதல் என்றால் எரித்தல் என்றே இருந்தது. இதற்குள் கதை இல்ஃபோர்ட் கோவிலுக்குப் போய், அங்கிருந்து மன்னாருக்கும் போய்விட்டது. பிறேமினியின் தாய் போனில், "மகன், ஒளிக்காமல் சொல்லுங்கோ. பிள்ளைக்கு உங்களோடை என்ன மனக்கஷ்டம்?" என்று கேட்டாள்.

இன்றைக்கு மரண விசாரணை. அந்தத் தீயைப் பிறேமினி வைத்தாளா என்பதை விசாரணையை நடத்தும் கொரோனர் தீர்மானிப்பார். அவள் வைத்த தீ என்றால் கம்பனியில் பிழை இல்லை.

கோர்ட் வாசலில் அவன் நின்றபோது யோகலிங்கத்தின் கார் வந்து நின்றது. யோகலிங்கம் கொட்டகையின் சுப்பர்வைசர். பின் கதவைத் திறந்துகொண்டு டொலறஸ் இறங்கினாள். பிறேமினியோடு வேலை செய்தவள், ஐம்பது வயதைத் தாண்டியவள். அவளும் இன்று சாட்சி. ஜெராட்டைக் கண்டதும் கைப்பையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"சாப்பிட்டனியே தம்பி?"

"ஓம் அக்கா."

"என்ன சாப்பிட்டனீ?"

"பாண்."

"பாணெண்டால் சாப்பாடே? மெலிஞ்சு ஈர்க்கு மாதிரிப் போனாய்." யோகலிங்கம் காரைப் பூட்டிவிட்டு வருவதைத் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "யோகண்ணையின்ரை கோட்டைப் பார். கலியாணத்துக்குத் தைச்சதாம். இருமினாரெண்டால் பொத்தான் பறந்து ஆற்றையும் கண்ணிலை படும்."

யோகலிங்கம் வந்து ஜெராட்டின் தோளைத் தொட்டார்.

"லீவு தந்தவங்களே?"

"தந்தவங்கள்."

"இதெல்லாம் ஒரு சடங்கு ஐசே. ஒருத்தரும் அவளைக் குறை சொல்ல வரேல்லை."

ஜெராட் அவருடைய கையைப் பார்த்தான். அது தோளிலிருந்து இறங்கியது.

சாட்சிகள் காத்திருக்கும் அறையில் சேலைக்கு மேல் நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் எழுந்து கைகூப்பினாள். "வணக்கங்க. என் பேரு லலிதா. டொலறஸ் மேடத்துக்கு இன்டர்பிரட்டரா வந்திருக்கேன். சொந்த ஊரு திருச்சி, இப்போ மோர்டன்."

"மேடமோ!" என்றாள் டொலறஸ். "கேட்டியே தம்பி, வானுக்குள்ளை ஆக்கள் எடுக்கிற சத்தி கழுவுற எனக்கு இண்டைக்கு மேடம் பட்டம்."

லலிதா சிரித்தாள். "கேஸைப் பத்தி மட்டும் என்கிட்ட எதுவும் பேசக்கூடாதுங்க. மத்தபடி மழை, டிராஃபிக், எதை வேணா பேசலாம்."

ஆனால் யாரும் மழையைப் பற்றிப் பேசவில்லை.

முதலில் தீயணைப்புப் படையின் விசாரணை அதிகாரி கூண்டில் ஏறினார். உயரமான மனிதர். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றார். தீ மூன்றாவது வானின் பக்கத்தில், தரையில் தொடங்கியது என்றார். அங்கே ஒரு றீல் இருந்தது. ஒரே றீலில் இரண்டு வான்களின் ஹீற்றர்கள் கொழுவியிருந்தன. ஹீற்றர் நிற்காமல் கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும். வயர் றீலில் சுற்றியபடி கிடந்தால் அதன் சூடு வெளியே போக வழியில்லை. உள்ளே இருக்கும் சுற்றுத்தான் முதலில் உருகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"எப்படிப் பாவித்திருக்க வேண்டும்?" என்று கொரோனர் கேட்டார். நரைத்த கூந்தலைக் குட்டையாக வெட்டிய பெண்மணி.

"றீலே கூடாது. சுவரில் நிரந்தரமான சொக்கெற்றும் நேரக் கருவியும் வேண்டும், விடிவதற்குச் சில மணி நேரம் ஓடினால் போதும். றீல்தான் இருக்கிறதென்றால் கடைசிச் சுற்றுவரை இழுத்துத் தரையில் விரிக்க வேண்டும். ஒரு வானுக்கு ஒன்று. அது றீலின் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும்."

"இது சுற்றியிருந்ததா?"

"பெரும்பகுதி சுற்றியபடியே எரிந்திருக்கிறது. ஆனால் கொஞ்ச நீளம் வெளியே இழுபட்டுத் தரையில் கிடந்தது. இறந்தவர் அந்த நுனிக்குப் பக்கத்தில்தான் இருந்தார்."

"ஏன் என்று சொல்ல முடியுமா?"

"முடியாது."

கம்பனியின் வக்கீல் எழுந்தார். இளைஞர், மிக மரியாதையானவர். "தீ தொடங்கிய இடத்தில் இறந்தவர் இருந்திருக்கிறார். வேலை முடிந்து கார்டும் தட்டிவிட்டார். அவருக்கு அங்கே வேலை இல்லை. யாராவது வேண்டுமென்றே வைத்த தீயாக இருக்க முடியாதா?"

"பெற்றோலோ வேறு எதுவுமோ கிடைக்கவில்லை" என்றார் அதிகாரி.  "அந்தக் குரல்செய்தி இல்லையென்றால் மின்சாரத் தீ என்று ஒரே வரியில் எழுதியிருப்பேன். அதை வாசித்த பிறகு அப்படி எழுத முடியவில்லை."

கொரோனர் குரல்செய்தியைப் போடச் சொன்னார். இங்கே தமிழ் தெரிந்த, எந்தப் பக்கமும் சாராத ஒருவர் இருக்கிறார், அவரும் கேட்கட்டும் என்றார். லலிதா எழுந்து சத்தியப்பிரமாணம் செய்தாள்.

அறையின் நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி இருந்தது. வாளி ஒன்று தரையில் உரசுவது கேட்டது. பிறகு பிறேமினி பேசினாள். ஜெராட் மேசையிலிருந்த தண்ணீர்க் கூசாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்தது.

லலிதா இன்னொருமுறை போடச் சொன்னாள். கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்: "எல்லாவற்றையும் எரித்துவிட்டேன். தீ வைத்துவிட்டேன். இனிக் கிளம்புகிறேன்."

ஜெராட் எழுந்துவிட்டான். "இல்லை. போட்டுவிட்டேன் என்று அர்த்தம். சுவிட்சைப் போட்டுவிட்டேன்."

"உங்களுக்குப் பேச நேரம் தருவேன்" என்றார் கொரோனர். கடுமையில்லாத குரல். "நான் சுதந்திரமான ஒருவரின் கருத்தைக் கேட்டேன். அதை எழுதிக்கொள்கிறேன். உட்காருங்கள்."

பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது. இடைவேளை என்றார்கள்.

காத்திருக்கும் அறையில் நான்கு பேரும் நான்கு பக்கமாக உட்கார்ந்தார்கள். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. ஒருவரும் அசையவில்லை. லலிதா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யோகலிங்கம் கோட்டின் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். அறையின் லைற், ஆள் நடமாடினால் மட்டும் எரிவது. யாரும் நடமாடாததால் தானாக நின்றுவிட்டது.

"ஐயோ" என்றாள் டொலறஸ். "ஆரும் அந்த லைற்றைக் கொளுத்துங்கோவன். எனக்கு முன்னாலை இருக்கிறது கதிரையோ ஆளோ தெரியேல்லை."

போனின் வெளிச்சத்தில் லலிதாவின் முகம் நிமிர்ந்தது.

"என்ன சொன்னீங்க?"

"இருட்டாக் கிடக்கெண்டு சொன்னன் பிள்ளை."

"இல்ல, லைட்டை என்ன பண்ணச் சொன்னீங்க?"

"கொளுத்தச் சொன்னன். நூந்து போச்செல்லே."

"டொலறஸ்" என்றார் யோகலிங்கம்.

 ஜெராட் கையை உயர்த்தி ஒருமுறை ஆட்டினான். லைற் எரிந்தது. லலிதா மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.  "நான் இங்க இருக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

கதவு சாத்தும்வரை யோகலிங்கம் பொறுத்திருந்தார்.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்க ஏலாதோ உனக்கு?"

"நான் என்ன சொன்னனான்? லைற்றைத்தானே கொளுத்தச் சொன்னன். உங்கடை கோட்டையே கொளுத்தச் சொன்னன்?"

"விசர்க் கதை கதையாதை."

"சரி, இனி இருட்டுக்கையே இருக்கிறன்."

யோகலிங்கம் ஜெராட்டின் பக்கம் திரும்பினார். அவர் குரல் மாறியிருந்தது. "தம்பி, நான் ஒரு பக்கமும் இல்லை. கம்பனி சொல்லுறதைச் சொல்லுறன், அவ்வளவுதான். எனக்கும் மூண்டு பிள்ளையள்."

"எங்களுக்கு ஒண்டும் இல்லை" என்றான் ஜெராட்.

மறுபடி உள்ளே போனபோது லலிதா ஏற்கெனவே எழுந்து நின்றாள். தான் சொன்னதைத் திருத்த அனுமதி வேண்டும் என்றாள். தமிழ்நாட்டில் கொளுத்துவது என்றால் எரிப்பது மட்டுமே, இலங்கையில் விளக்கின் சுவிட்சைப் போடுவதற்கும் அதையே சொல்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிந்தது, காலையில் தான் சொன்ன பொருள் பிழையாக இருக்கலாம் என்றாள். ஆங்கிலத்தில் நிதானமாகத்தான் சொன்னாள். ஆனால் கோட்டின் ஓரத்தைக் கையால் கசக்கிக்கொண்டிருந்தாள்.

வக்கீல் எழுந்தார். "இடைவேளையில் யாரோடு இதைப் பற்றிப் பேசினீர்கள்?"

"யாரோடும் இல்லை. விளக்கு அணைந்துவிட்டது. அதைப் போடும்படி ஒருவர் சொன்னார்."

"எந்த ஒருவர்?"

"எனக்கு முன்னால் இருந்தவர். இருட்டாக இருந்தது."

பின் வரிசையில் யாரோ சிரித்து இருமலாக்கினார்கள். கொரோனர் நிமிர்ந்து பார்க்க அடங்கியது.

யோகலிங்கம் கூண்டில் ஏறினார். பைபிளைத் தொட்டார். கொரோனர் முதல் கேள்வியாக அதையே கேட்டார்: உங்கள் கொட்டகையில் விளக்கைப் போடச் சொல்வதற்கு அந்தச் சொல்லைப் பாவிப்பீர்களா?

"சிலபேர் சொல்லுவார்கள்."

"நீங்கள்?"

அவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தன் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கள் வீடுகளில் எல்லாரும் சொல்லுவார்கள்" என்றார் யோகலிங்கம். "நானும்தான்."

கொரோனர் காலையில் எழுதியதைத் தேடியெடுத்து ஒரு கோடு கிழித்தார். ஜெராட் அந்தக் கோடு முடியும்வரை பார்த்தான்.  

பிறகு றீல்களைப் பற்றிக் கேட்டார்கள். வயரை முழுதும் இழுத்து விரிக்கும்படி எப்போதும் சொல்வேன் என்றார் யோகலிங்கம். சுவரில் அறிவித்தல்கூட ஒட்டியிருக்கிறது. எப்போது ஒட்டியது என்று யாரும் கேட்கவில்லை. ஜெராட்டிடம், கேள்வி ஏதும் உண்டா என்றார் கொரோனர்.

ஜெராட் எழுந்தான். வீட்டில் ஒருநாள் பிறேமினி சொல்லியிருந்தாள்: யோகண்ணைக்குத் தரையில் வயர் கிடக்கக்கூடாது. அவ்வளவுதான் அவனிடம் இருந்தது.

"வயரைச் சுற்றி வைக்கச் சொல்லி நீங்கள் சொன்னதில்லையா?"

"இல்லை."

"ஒருநாளும்?"

"தம்பி, நான் அப்படிச் சொல்லுவேனா?" ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர் தம்பியை மட்டும் தமிழில் சொன்னார். இறங்கி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். போனை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார். நாளைக்கு யார் யாருக்கு ஷிப்ட் என்று ஒவ்வொரு பின்னேரமும் அந்தப் போனிலிருந்துதான் செய்தி போகும். செய்தி வராதவர்களுக்கு வேலை இல்லை.

டொலறஸ் கூண்டில் நின்றாள். லலிதா அவளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"றீலை முழுசா இழுத்து விரிக்கணும்னு உங்ககிட்ட சொல்லியிருந்தாங்களான்னு கேக்கறாங்க."

டொலறஸ் முதல் வரிசையைப் பார்த்தாள். "ஞாபகம் இல்லை."

"சுத்தி வைக்கச் சொன்னாங்களா?"

"ஞாபகம் இல்லைப் பிள்ளை."

"அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதானே வெளியே வந்தீங்க?"

"ஓம். வாசல் கேற்றடிவரை வந்தனாங்கள். எனக்கு பஸ் வந்திட்டுது."

மறுபடி ஜெராட்டைக் கேட்டார்கள். அவன் தமிழில் கேட்டான்.

"அக்கா, பிறேமினி ஏன் திரும்பி உள்ளை போனவள்?"

லலிதா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். டொலறஸ் கூண்டின் மரச்சட்டத்தைப் பிடித்திருந்தாள். ப்ளீச்சில் வெந்த விரல்கள், நகங்கள் வெள்ளையாக இருந்தன. முதல் வரிசையில் யோகலிங்கம் போனை மற்ற முழங்காலுக்கு மாற்றினார்.

"எனக்குத் தெரியாது தம்பி."

"எனக்குத் தெரியாது, என் இளைய சகோதரனே" என்று லலிதா ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு சொல்லும் விடக்கூடாது என்பது அவள் தொழில்.

கொரோனர் அன்றே தீர்ப்பை வாசித்தார். இந்தத் தீயை யாரும் வைக்கவில்லை. அந்தக் குரல்செய்தி, வேலையை முடித்துவிட்ட ஒரு பெண் தன் கணவருக்குச் சொன்ன சாதாரணச் செய்தி. காப்புறுதிக் கம்பனியின் மொழிபெயர்ப்பை இந்த நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த இடத்தில் அவர் தலையை உயர்த்தி ஜெராட்டைப் பார்த்தார். ஜெராட் தலையசைத்தான்.

அவர் தொடர்ந்து வாசித்தார். தீ மின்சாரத்தால் ஏற்பட்டது. வயரை விரிக்கும்படி அறிவுறுத்தல் இருந்ததாகச் சாட்சி உண்டு, இல்லை என்பதற்குச் சாட்சி இல்லை. அன்று அதைச் சுற்றி வைத்தது யார் என்று சொல்ல முடியாது. வேலை முடிந்து வெளியேறிய இறந்தவர், தனக்கு வேலையில்லாத ஒரு இடத்துக்கு எதற்காகத் திரும்பிப் போனார் என்பதும் தெரியாது. விபத்தால் நேர்ந்த மரணம். கம்பனி அதன்பிறகு ஒவ்வொரு வானுக்கும் தனிச் சொக்கெற்றும் நேரக் கருவியும் பூட்டியிருக்கிறது, அதை இந்த நீதிமன்றம் பாராட்டுகிறது. மேற்கொண்டு பரிந்துரை எதுவும் இல்லை.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். வக்கீல் ஜெராட்டுக்குக் கைகொடுத்து, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்றார். உண்மையாகவே வருந்துவது போலத்தான் இருந்தது.

படிக்கட்டில் லலிதா காத்திருந்தாள். "மன்னிச்சுக்கங்க சார். நாங்க லைட்டைப் போடுவோம், அணைப்போம். இது தெரியாமப் போச்சு."

"நீங்கள் திருத்தினீங்கள்."

"திருத்தினேன்" என்றாள்.  ரயிலுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

வெளியே மார்கழி இருட்டு, மெல்லிய மழை. வாசல் கூரைக்குக் கீழே டொலறஸ் தனியே நின்றாள். யோகலிங்கம் காரை எடுத்து வரப் போயிருந்தார். ஜெராட் அவளைக் கடந்து இரண்டடி நடந்தான்.

"தம்பி."

அவன் நின்றான்.

"உள்ளுக்கை நான் சொன்னது பொய்."

அவன் திரும்பவில்லை. அவள் அவனுடைய முதுகைப் பார்த்தே பேசினாள். வேகமாகப் பேசினாள்.

"அவள் ஒவ்வொரு நாளும் வயர் முழுக்க இழுத்து விரிச்சுத்தான் விடுறவள். றீலிலை எழுதிக் கிடக்கு அக்கா, வாசிச்சுப் பாத்தனான் எண்டவள். அண்டைக்கும் விரிச்சவள். யோகண்ணை வந்து காலிலை தடக்கி, பேய்க் கத்துக் கத்தினார். இது என்ன மீன் வலையோ, சுத்துங்கோ, இல்லாட்டி நாளைக்கு ரெண்டு பேருக்கும் ஷிப்ட் இல்லையெண்டார். பாத்துக்கொண்டு நிண்டார். அவருக்கு முன்னாலை சுத்தினனாங்கள். பிறகு முழு நிலமும் கழுவி, வாளியளும் கழுவி, வெளிக்கிட்டம்."

"கேற்றடியிலை?"

"கேற்றடியிலை வந்து நிண்டாள். யோகண்ணையின்ரை கார் வெளியிலை போகுமட்டும் நிண்டு பாத்தாள். நான் வாடியெண்டு இழுத்தனான். குளிர். பஸ்ஸும் தெரிஞ்சுது."

ஜெராட் இப்போது திரும்பினான்.

"என்ன சொன்னவள் அக்கா?"

தெருமுனையில் காரின் வெளிச்சம் திரும்பியது. ஈரத்தில் இரண்டு மஞ்சள் கோடுகளாக நீண்டு அவர்களின் காலடிவரை வந்தது. டொலறஸ் பையிலிருந்து குடையை எடுத்தாள். விரிக்கவில்லை. காரைப் பார்த்துக்கொண்டே, உதடு அசையாமல், பிறேமினி சொன்னதை அப்படியே சொன்னாள்.

"நீங்கள் போங்கோ அக்கா, நான் அந்த வயரை இழுத்து விட்டிட்டு ஓடியாறன். யோகண்ணையிட்டை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."